ஒன்பதாம் வகுப்பை ஆண்ட சக்கரம்

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கணக்குப் பாடவேளையைப் போட்ட புண்ணியவான் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் சும்மா விட மாட்டேன். ஊட்டிக்குப் பக்கத்தில், கேத்தியில் இருக்கிற எங்கள் அரசுப் பள்ளியில், அந்த நேரத்தில்தான் ஜன்னலுக்கு வெளியே கேரட் தோட்டம் மூடுபனிக்குள் போகும். உள்ளே ஒன்பதாம் வகுப்பு ஸ்வெட்டருக்குள் போகும். கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே தூங்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். நான் போர்டிலிருந்து திரும்பி, "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று மொத்த வகுப்பும் பாடும். எது புரிந்தது என்று ஒருத்தியைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். ஜன்னலில் மூடுபனி மட்டும் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஊட்டியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். இலவச இணையக் கருவிகளைக் கொண்டு வகுப்பறைக்கு உயிர் கொடுப்பது எப்படி என்பது தலைப்பு. பயிற்சி என்றாலே கடைசி வரிசையில் போய் உட்காருகிற ஆள் நான். அன்று முதல் வரிசையில் உட்கார்ந்தேன். இலவசம் என்று சொன்னால் எனக்கு எந்தத் தூக்கமும் கலைந்துவிடும்.

முதலில் பிடித்தது வினாடி வினா. கம்ப்யூட்டர் அறையில் ஆளுக்கொரு செல்லப் பெயர் போட்டுக்கொண்டு பதில் அழுத்த வேண்டும். யார் முந்துகிறார்கள் என்று திரையில் ஓடும். சொந்தப் பெயர் வேண்டாம், எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் பெரிய மனது பண்ணிச் சொன்னேன். என்ன கூத்து என்று பார்க்க எங்கள் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்த நேரத்தில், திரையில் 'சுள்ளான்' முதலிடத்தில் இருந்தான். 'எச்.எம். சார்' பூஜ்ஜியம் வாங்கிக் கடைசியில் இருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்துப் பார்த்தார். அதோடு கம்ப்யூட்டர் அறைச் சாவி எனக்குக் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

அடுத்து அட்டைகள். ஆளுக்கொரு அட்டை, அதில் கறுப்புக் கட்டமாக ஒரு கோலம். எது சரியான விடையோ அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி தூக்கிப் பிடித்தால், என் செல்போன் கேமரா ஒரே வீச்சில் அத்தனை பேர் விடையையும் படித்துவிடும். முதல் நாள் வெயில். பிரமாதமாகப் படித்தது. மறுநாள் உடைந்த கண்ணாடி வழியாக மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. கேமராவுக்கு நான்காவது பெஞ்சுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த அட்டைகளையும் கையுறை விரல்கள் மறைத்தன. "கிளவுஸக் கழட்டுங்க எல்லாரும்!" என்று கத்தினேன். "குளுருதுங்க டீச்சர்" என்றார்கள். பெங்களூரிலோ வேறெங்கோ ஃபேனுக்கடியில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தவருக்கு எங்கள் ஊர் குளிர் எங்கே தெரியப்போகிறது என்று திட்டிக்கொண்டே அட்டைகளைக் கட்டிப் பீரோமேல் போட்டேன்.

மூன்றாவதாக வந்ததுதான் சக்கரம். அதில் வகுப்புப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் ஏற்றிவிட வேண்டும். அழுத்தினால் ஸ்மார்ட் போர்டில் பல வண்ணத்தில் சுற்றும், கடகடவென்று சத்தம் போடும், மெதுவாகி, இழுத்து இழுத்து ஒரு பெயரில் போய் நிற்கும். நின்றதும் கைதட்டல் சத்தம் வரும்; திரை முழுக்க வண்ணக் காகிதம் பறக்கும். யாருக்கு இவ்வளவு கொண்டாட்டம்? பல்லுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்த மாட்டிக்கொண்டவளுக்கு!

வகுப்பு அன்றே விழித்துக்கொண்டது. சக்கரம் சுற்றும்போது மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காது. "தள்ளு, தள்ளு, அவகிட்டப் போ" என்று முணுமுணுப்பார்கள். முன்பெல்லாம் நான் யாரைக் கேள்வி கேட்டாலும், "ஏனுங்க டீச்சர், எப்பப் பாத்தாலும் என்னையவே கேக்கறீங்க?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இப்போது யாருக்கும் என்மேல் வருத்தம் இல்லை. பழியெல்லாம் சக்கரத்துக்கு. சண்டைகள், யார் போர்டைத் துடைப்பது, யார் சத்துணவுக் கூடத்துக்குப் போய்ச் சொல்வது, எல்லாவற்றுக்கும் சக்கரத்தையே சுற்றச் சொன்னார்கள். சக்கரம் சொல்வதே தீர்ப்பு, மறுபேச்சு கிடையாது என்று நானும் சட்டம் போட்டேன். ஆயுத பூஜையன்று ஸ்மார்ட் போர்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து, மாலை போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். போர்டு அணைந்திருந்தது. "அந்தச் சக்கரத்தத் தொறந்து வைங்க டீச்சர், அதுக்குத்தானுங்க பூஜை" என்றார்கள். திறந்து வைத்தேன். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அல்ஜீப்ராவுக்கு மட்டும் கூப்புடாத சாமி" என்று வேண்டிக்கொண்டாள்.

அப்படி எல்லாரையும் ஆட்டிப் படைத்த சக்கரம் ஒருத்தியை மட்டும் தொட்டதே இல்லை. மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருகிற ஒரு பெண். ஊர் தெப்பக்காடு. தாய் இல்லாத பிள்ளை. கேத்தியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். பள்ளி திறந்த முதல் நாள், அப்பா என்ன செய்கிறார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தபோது இவள் எழுந்து, "எங்கப்பா யானைக்குச் சமைக்கிறாருங்க" என்றாள்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் பக்கத்தில் உட்காரும் வாயாடி இருக்கிறாளே, கேரட் தோட்டக்காரர் மகள், அவள் விடவில்லை. "யானை தழை திங்கும், மூங்கில் திங்கும். அதுக்கெதுக்குச் சோறு? உங்கப்பா ரசமும் வெப்பாரா? அப்பளம் பொரிப்பாரா?"

"ராகியும் கொள்ளும் வேகவெச்சு, வெல்லமெல்லாம் போட்டுக் கவளம் புடிப்பாரு" என்றாள் இவள், கோபமாக.

"கத உடறா டீச்சர்!"

தெப்பக்காட்டில் வனத்துறையின் யானை முகாம் இருக்கிறது, அங்கே யானைகளுக்கு அப்படித்தான் சமைத்துக் கொடுப்பார்கள், அதற்கென்றே ஆள் உண்டு என்று நான் சொன்னேன். டீச்சருக்கு இளகின மனசு, அவளுக்காகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கா இளகின மனசு! அன்றிலிருந்து அவளுக்கு 'ரசம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அவள் எழுந்து நின்றால் போதும், எங்காவது ஒரு மூலையில் சர்ரென்று ரசத்தை உறிஞ்சுகிற சத்தம் வரும். நான் திரும்புவதற்குள் எல்லா முகமும் புத்தகத்தில் இருக்கும்.

சக்கரம் வந்தபிறகு அவள் மதிப்பு மாறியது. நாள்தோறும் சுற்றியும் அவள் பெயர் வரவே இல்லை என்பதை முதலில் கவனித்தவர்கள் பிள்ளைகள்தான். "அதிர்ஷ்டக்காரி!" என்றார்கள். சக்கரத்தைச் சுற்றப் போகிறேன் என்றதும் முன்பெஞ்சிலிருந்தும் பின்பெஞ்சிலிருந்தும் கைகள் நீண்டு அவள் முழங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். வாயாடி ஒரு படி மேலே போய், அவள் கையையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நிகழ்தகவுப் பாடம் வந்தபோது எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "எல்லாப் பேருக்கும் சம வாய்ப்பு இருந்தாலும் ஒரு பேரு ரொம்ப நாளைக்கு வராமலே போகலாம். இதோ, கண்ணு முன்னால பாருங்க" என்று விளக்கினேன். அவள் பவ்யமாகத் தலையாட்டினாள்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம் பி.டி. சார் என் வகுப்புக்கு ஓடிவந்தார். பள்ளியின் பசுமைப் படை மன்றம் அவர் பொறுப்பு. தெப்பக்காட்டு முகாமில் யானைகளுக்குக் கவளம் கொடுப்பதைப் பார்க்க எங்கள் ஒன்பதாம் வகுப்பைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். மறுநாள் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். ஆனால் கிடைத்திருப்பது ஒரே வேன், வகுப்பில் பாதிப் பேருக்குத்தான் இடம்.

அன்று அந்த வகுப்பில் எழுந்த கூச்சலுக்குக் கேரட் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். மேஜையைத் தட்டினேன். "யாரு போறதுன்னு சக்கரம் சொல்லட்டும்" என்றேன். சட்டென்று அமைதி. எல்லாருக்கும் சம்மதம். நான் மூன்றாம் பெஞ்சைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா ஊர் என்பதால் ஆசையில் படபடப்பாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்கும் வந்து கூட்டிப்போக அவள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, பொங்கலுக்கும் கிடைக்கவில்லை. யானைக்கு ஏது பண்டிகை?

சக்கரத்தில் ஒரு வசதி உண்டு. நின்ற பெயரை அப்படியே எடுத்துவிடலாம். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க மிச்சமிருக்கிற பெயர்களுக்கு இடம் அகலமாகும், எழுத்தும் பெரிதாகும். முழு வகுப்பும் அதில் இருக்கும்போது பெயர்கள் எறும்பு அளவுதான். அன்று சுற்றச் சுற்ற எறும்பெல்லாம் பெருத்துக்கொண்டே வந்தது. வேனில் இடம் கிடைத்தவர்கள் குதித்தார்கள். கிடைக்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அத்தனை சாமியையும் கூப்பிட்டார்கள். கடைசி இடத்துக்கு வந்தோம். தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று வாயாடி எழுந்துபோய், போர்டில் விரலை வைத்துத் தேடினாள். தன்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டு, தோழியுடையதைத் தேடினாள். ஒரு சுற்று தேடிவிட்டு மறுபடியும் தேடினாள்.

"டீச்சர், ரசம் பேரு இதுல இல்லீங்க!"

"நல்லாப் பாருடி."

"எங்க ஆத்தா மேல சத்தியமா இல்லீங்க டீச்சர்!"

எல்லாரும் மூன்றாம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். அன்றைக்கு உறிஞ்சுகிற சத்தம்கூட வரவில்லை.

"நான் போடலீங்க டீச்சர்" என்றாள். "மொதமொதல்ல எல்லாரு பேரையும் என்னையத்தானுங்களே டைப் பண்ணச் சொன்னீங்க. எம் பேர மட்டும் உட்டுட்டேனுங்க. போர்டுக்கு வந்தா எல்லாரும் ரசம் உறிஞ்சுவாங்கன்னு பயமுங்க."

"சரி, அப்புறமாச்சும் போட வேண்டியதுதானே? எத்தன மாசம் ஆச்சு!"

அவள் தரையைப் பார்த்தாள். "அப்புறம் எல்லாரும் அதிர்ஷ்டக்காரின்னு கையப் புடிச்சாங்க. அது நல்லா இருந்துச்சுங்க டீச்சர்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நிகழ்தகவு நடத்துகிறேன் என்று இவளை எழுப்பி நிறுத்தி வைத்து அத்தனை பேருக்கும் காட்டினேனே, அப்போது என்ன பவ்யமாகத் தலையாட்டினாள், கள்ளி! ஆனால் அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு என்னவென்று திட்டுவது? வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். வகுப்பு திறந்த வாயை மூடவில்லை. "அடியே, உனக்கும் சேத்து நாங்கதானடி நின்னோம்!" என்று நாலா பக்கமும் பாய்ந்தார்கள். "கேள்விக்கு வராத பேரு யானைக்கு மட்டும் எப்படீங்க வரும்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். "பாவமுங்க, போட்டுரலாமுங்க" என்று சிலர். "அதெப்படி?" என்று சிலர். கடைசியில் வாயாடிதான் வழி சொன்னாள்.

"சக்கரத்தையே கேட்டுரலாமுங்க டீச்சர்."

இரண்டே பங்கு வைத்துப் புதிதாக ஒரு சக்கரம் போட்டோம். ஒன்றில் 'சேர்க்கலாம்', இன்னொன்றில் 'வேண்டாம்'. நான் படித்த கணக்குக்கும் வாங்கிய பட்டத்துக்கும் இதையும் பார்க்க வேண்டியிருந்தது. அது சுற்றி, தயங்கி, 'வேண்டாம்' பங்கின் விளிம்புவரை வந்து, 'சேர்க்கலாம்' பங்கில் போய் உட்கார்ந்தது. முக்கால்வாசி வகுப்பு கைதட்டியது. பழைய சக்கரத்தைத் திறந்து, அவள் பெயரை அவளையே வந்து டைப் பண்ணச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். முதல் தடவையாக அந்தச் சக்கரத்தில் அவள் பெயர் பெரிய எழுத்தில் நின்றது.

கடைசி இடத்துக்குச் சக்கரம் சுற்றியது. நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: எனக்கும் உள்ளுக்குள் வேண்டுதல்தான். அவள் பெயர் மெதுவாக முள்ளுக்கு நேரே வந்தது, தாண்டியது. அதற்கடுத்த பெயரில் நின்றது. வாயாடியின் பெயர்.

கைதட்டல் சத்தம் வந்தது. வண்ணக் காகிதம் பறந்தது. வகுப்பில் ஒருவரும் கைதட்டவில்லை. 'இந்தச் சனியனை அந்தப் பயிற்சியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்' என்று நினைத்தேன்.

பெல் அடித்ததும் வாயாடி அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "டீச்சர், எனக்குப் பதிலா இவ போவட்டுமுங்க. இவங்கப்பா அங்க இருக்காருல்லங்க."

நான் வாய் திறப்பதற்குள் இவள் கையை உதறினாள். "வேண்டாமுங்க டீச்சர். இவதான் போவோணும்."

"ஏண்டி, உனக்கு அப்பாவப் பாக்க வேண்டாமா?"

"இவ கண்ணால பாத்தாத்தானுங்க இந்த வகுப்பே நம்பும். நான் போயிட்டு வந்து சொன்னா மறுக்காவும் கதைன்னுதான் சொல்லுவாங்க. அப்பாவ நான் முழுப்பரீட்சை லீவுல பாத்துக்கறேனுங்க." அப்புறம் வாயாடி பக்கம் திரும்பி, "நேரா எங்கப்பாகிட்டயே போயி ரசம் இருக்குதுங்களான்னு கேளு" என்றாள். எவ்வளவு சொல்லியும் அசைந்து கொடுக்கவில்லை. என்னிடமும் பிடிவாதம் உண்டு. ஆனால் அது இந்த அளவுக்கு இல்லை.

மறுநாள் வேன் பி.டி. சாரோடு கூடலூர் வழியாகப் போய்விட்டது. மிச்சமிருந்த பாதி வகுப்பு துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தது. அவர்களுக்காகவே இன்னொரு இலவச ஏற்பாடும் செய்திருந்தேன். பி.டி. சார் அங்கிருந்து வீடியோவில் வருவார், நாங்கள் ஸ்மார்ட் போர்டில் பார்ப்போம். எங்கள் வகுப்பில் ஜன்னல் கம்பியில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் என் செல்போனை அங்கே ஒரு ரிப்பனால் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து போர்டோடு சேர்ந்த லேப்டாப்புக்கு நெட் கொடுத்தேன். வெகுநேரம் ஒரு வட்டம் மட்டும் சுற்றியது. "இதுவும் சக்கரமாங்க டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். முறைத்தேன்.

திடீரென்று திரை முழுக்க ஒரு தும்பிக்கை. வகுப்பு அலறிய அலறலில் பக்கத்து வகுப்பு டீச்சரும் பிள்ளைகளோடு வந்து சுவரோரம் நின்றுகொண்டார். படம் கட்டம் கட்டமாக உடையும், ஒட்டும். வரிசையாக யானைகள், கீழே பாகன்கள், அப்புறம் புகை அடைத்த ஒரு சமையல்கூடம். அண்டாக்களில் ஏதோ கொதித்தது. செல்போன் வாயாடி கையில் இருந்தது போலிருக்கிறது, அவள் குரல்தான் பெரிதாக வந்தது.

"டீச்சர்! நெசமாத்தானுங்க! சமைக்கிறாருங்க! யானை யானையா பேரெழுதி, எதுக்கு எவ்ளோ வெல்லம், எவ்ளோ உப்புன்னு போர்டுல போட்டிருக்குதுங்க! ரசம் மட்டும் இல்லீங்களாமா!"

வகுப்பு முழுக்க ஓவென்று கத்திக்கொண்டு மூன்றாம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. எந்த நிமிஷத்துக்காக அவள் வேனை விட்டுக் கொடுத்தாளோ அந்த நிமிஷம். ஆனால் அவள் பெஞ்சில் இல்லை. எப்போது எழுந்தாளோ, போர்டுக்குக் கிட்டே போய் நின்றிருந்தாள். யானையையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அண்டாவுக்குப் பின்னால் புகையில் நின்ற ஒரு மனிதரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகையிலும் கரியிலும் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

பி.டி. சார் குரல் வந்தது. "டீச்சர், வேன் வந்து நின்னதுமே இவரு ஓடியாந்து ஜன்னல் ஜன்னலா எட்டிப் பாத்தாருங்க. எல்லாரும் எறங்குன பின்னாலயும் உள்ள ஏறிப் பாத்தாருங்க. கொஞ்சம் பொண்ணுகிட்டப் பேசச் சொல்லுங்க."

செல்போன் கை மாறியது. மனிதர் அதை முகத்துக்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டதில் திரையில் நெற்றியும் புருவமும் மட்டும் தெரிந்தன.

"கண்ணு, நான் தெரியறனா?"

"தெரியறீங்கப்பா."

"உங்க வகுப்பு வண்டின்னு சொன்னாங்களே. நீ ஏன் கண்ணு வரல? உடம்புக்கு ஏதும் முடியலயா?"

"இல்லீங்கப்பா. நீங்க யானைக்குச் சமைக்கறீங்கன்னா இவங்க யாரும் நம்பலீங்கப்பா. அதான் அவள அனுப்பிச்சேன்."

அந்தப் பக்கம் புருவம் அசைந்தது.

"அவங்க நம்பாட்டிப் போறாங்க கண்ணு" என்றார். "நீ வந்திருக்கலாமில்ல?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தெப்பக்காட்டில் சிக்னல் போய்விட்டது. அந்த நெற்றியும் புருவமும் அப்படியே போர்டில் உறைந்து நின்றன. கேட்காது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும், அதைப் பார்த்து, "வந்திருக்கலாமுங்கப்பா" என்றாள்.

லேப்டாப் பக்கத்தில் இருந்தவன் மெல்ல, "ஆஃப் பண்ணிரட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

"அதுல கைய வெச்சீன்னா பாரு" என்றேன்.